படத்தாளின் பின்பக்கம்

போன மாதம் ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். பழைய தமிழ்க் கிறிஸ்தவப் புத்தகங்களைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கணினியில் சேர்க்கிறார்களாம். என்னிடம் மிச்சமிருந்த பதினோரு புத்தகங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, மளமளவென்று புரட்டிப் படம் எடுத்தார்கள். நான்கு புத்தகம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். அதற்குமேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

“போட்டோவுக்குப் பின்னால இருக்குற பக்கத்த ஏம்மா விடுறீங்க?”

“அது காலிப் பக்கம்லா அங்கிள். ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணுமே இல்லங்கிறதையும் ஒரு படம் எடுத்து வைங்க.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். காரணம் கேட்டார்கள். சொல்லி முடிக்கும்போது அவர்களுக்குப் போட்ட தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. “இத எழுதிக் குடுங்க அங்கிள், நாங்க சேர்த்து வைக்கிறோம்” என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேகரித்தது பிரசங்கிமாரின் ஞாபகார்த்தச் சரித்திரங்கள். முன்காலத்தில் பேர்பெற்ற பிரசங்கியார் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தால், ஒன்றிரண்டு வருடத்துக்குள் அவருடைய சிநேகிதரோ மருமகனோ ஒரு புத்தகம் அச்சிடுவார்கள். பிறப்பு, மனந்திரும்பிய விதம், ஊர் ஊராகச் செய்த பிரசங்கம், கடைசி வியாதி, கடைசி வார்த்தை, அடக்கத்தன்று பேசியவர்களின் பேச்சு என்று வரிசையாக வரும். முதல் பக்கத்தில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் பிரசங்கியாரின் படம். ஊரிலிருந்து இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்த குடும்பங்கள் பெட்டிக்குள் துணியோடு துணியாக இவற்றைக் கொண்டுவந்தன. ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு புத்தகம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

நான் கத்தோலிக்கன். எங்கள் வீட்டில் செபமாலையும் அர்ச்சியசிஷ்டவர்கள், அதாவது புனிதர்கள், படமும்தான். இந்தப் பிரசங்கிமார் எங்கள் ஆட்கள் இல்லை. நாங்கள் ‘செபம்’ என்போம், அவர்கள் ‘ஜெபம்’ என்பார்கள். அதனாலேயோ என்னவோ, எனக்கு இந்தப் புத்தகங்கள்மேல் தீராத ஆர்வம். பிரசங்கியார் சாவதற்கு நாற்பது பக்கம் கொடுத்தவர்கள், அவர் மனைவி செத்ததற்கு அரை வரிதான் கொடுத்திருப்பார்கள். அது ஏன்? படத்தில் எல்லாரும் ஏன் இடது கையையே புத்தகத்தின்மேல் வைத்திருக்கிறார்கள்? கடைசி மூச்சில் இருக்கிற மனிதர் எப்படி மூன்று பத்திக்குப் பேசினார்? இன்றைக்கு வரைக்கும் பதில் தெரியாது.

வேலை கற்றதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கவும் தைக்கவும் பசை காய்ச்சவும் ஆறு வருடம் பழகினேன். அதில் ஒரு நகம் போனது, பொறுமை வந்தது. பிறகு தேவசகாயம் மாஸ்டரிடம் சேர்ந்து, அவர் கண்ணை மூடும்வரை அங்கேயே இருந்தேன்.

மாஸ்டர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். ஆள் மெலிவு, சட்டை எப்போதும் வெள்ளை. கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். ஏச மாட்டார், கேள்விதான் கேட்பார். “அந்தோணி, இந்தப் பசைய நேத்து காய்ச்சினியா, போன வாரமா?” என்று கேட்டால், நான் செய்த தப்பு அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு வீட்டுக்குப் புத்தகம் பார்க்கப் போனால் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னாலும் செருப்பைக் கழற்றுவார். “விக்கிறீங்களா?” என்று கேட்க மாட்டார், “பாக்கலாமா?” என்பார். அவராக அலமாரியைத் தொட மாட்டார். வீட்டுக்காரர் எடுத்துக் கையில் கொடுக்கவேண்டும். கொடுத்ததும் முதலில் மோந்து பார்ப்பார். கரையானுக்குப் பயந்து மண்ணெண்ணெய் தடவியிருந்தால் தாள் சீக்கிரம் உடையும். அடுத்து, புத்தகத்தின் முதுகை உள்ளங்கையில் வைத்து, தானாக விரிய விடுவார். அந்த வீட்டார் அதிகம் படித்த இடத்தில் அது விரியும். பத்துக்கு எட்டு புத்தகம் மரணப்படுக்கை அதிகாரத்தில்தான் விரிந்தது. அப்புறம் படத்தாள் இருக்கிறதா என்று பார்ப்பார். நிறையப் புத்தகங்களில் இருக்காது. யாராவது பிய்த்துக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

எல்லாம் சரி என்றால், கடைசியாக ஒன்று. வீட்டுக்காரரே தாள் தாளாக ஒருமுறை புரட்டிவிட்டுத்தான் புத்தகத்தைத் தரவேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் அவர்களுடையது. குழந்தையின் முதல் முடி வந்திருக்கிறது, மூக்குத்தி வந்திருக்கிறது. சூதாட்டத்தைக் கண்டித்தே பேர் வாங்கிய ஒரு பிரசங்கியாரின் சரித்திரத்திலிருந்து நம்பர் சீட்டு விழுந்தது. அந்த வீட்டம்மாள் முகம் சிவந்து, “அது எங்க வீட்டுக்காரரு அடையாளத்துக்கு வெச்சதுங்க” என்றார். மாஸ்டர் சிரிக்காமல், “எந்தப் பக்கத்துல இருந்துச்சோ அதையும் பாத்து வெச்சுக்குங்கம்மா” என்றார்.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பிரசங்கியாரின் பேரன் வீட்டுக்குப் போனதையும் சொல்லவேண்டும். புத்தகத்தைத் தர அவர் தயார். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடித்தார்.

“எங்க தாத்தா கோபமே படாதவருன்னு எழுதியிருக்கான் பாருங்க. பொய்லா! இத எழுதினவனையே எங்க தாத்தா குடையால அடிச்சிருக்காரு. ஊருக்கே தெரியும்.”

“அடிச்சதுக்கு அப்புறம்தான் எழுதினாரா?” என்றார் மாஸ்டர்.

“ஆமா.”

“அப்ப அவரு எவ்வளவு பெரிய மனுசன்! பக்கம் இருக்கட்டும்யா.”

பேரன் யோசித்தார். பக்கம் தப்பியது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

எல்லாப் புத்தகமும் முழுசாகக் கிடைக்காது. பாதி கரையான் தின்ற பிரதிகளையும் வாங்குவோம். அவற்றுக்கு உதிரிப் பிரதி என்று பேர். நல்ல பிரதியில் ஒரு தாள் குறைந்தால் உதிரியிலிருந்து எடுத்து வைத்து முழுசாக்குவோம். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், ‘படத்தாள் வேறு பிரதியிலிருந்து’ என்று பென்சிலில் எழுதிவிடுவார் மாஸ்டர். ஒளிவுமறைவு கிடையாது. ஆனால் உதிரிப் பிரதி என்றால், வீட்டுக்காரரைப் புரட்டச் சொல்லும் முறையை நாங்கள் பார்ப்பதில்லை. கந்தலில் என்ன இருக்கப்போகிறது என்று ஒரு நினைப்பு.

அப்படி ஒரு கந்தலை சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாங்கினேன். அன்றைக்கு நான் மட்டும் போயிருந்தேன். எஸ்தர் என்ற அக்கா, தோட்டம் மூடுவதால் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். “எடுத்துட்டுப் போ தம்பி, கரையான் எங்க புது வீட்டுக்கு வேற வரவேணாம்” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். நான் புரட்டச் சொல்லவில்லை.

அதில் படத்தாள் மட்டும் நன்றாக இருந்தது. அதே பிரசங்கியாரின் சரித்திரம், படத்தாள் இல்லாமல் ஒன்று, ஒரு டாக்டருக்காகக் கடையில் காத்திருந்தது. தாளை எடுத்தேன். பின்பக்கத்தில் காப்பியிங் பென்சிலால் நான்கு வரி எழுதியிருந்தது. அந்தக்காலத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகள் வைத்திருந்த பென்சில் அது. காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதா. யாரோ பிள்ளைகள் பிறந்த விவரம். நான் அதைப் படித்தேன். நான்காவது வரியில் எஸ்தர் என்ற பேரையும் பார்த்தேன். சேகரிப்பவர்களுக்குப் பின்பக்கத்தில் கிறுக்கல் இருந்தால் பிடிக்காது என்று, மைதாப் பசை தடவி வெள்ளைத் தாளை அதன்மேல் ஒட்டி மறைத்தேன். பசை ஈரத்தில் ஊதா கசிந்து, முன்பக்கத்தில் பிரசங்கியாரின் தாடி ஓரம் லேசாக நிறம் மாறியது. காய்ந்தால் தெரியாது என்று அந்தத் தாளை டாக்டரின் பிரதியில் வைத்துத் தைத்து அனுப்பிவிட்டேன். மாஸ்டரிடம் எதுவும் சொல்லவில்லை.

பல வருடம் கழித்து எஸ்தர் அக்கா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்து, கைப்பையிலிருந்து சிவப்பு அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். சிவப்பு ஐசி என்றால் இந்த நாட்டில் வசிக்கலாம், குடிமகள் இல்லை என்று பொருள்.

“இங்கேயே பொறந்தேன் தம்பி. மூணு அண்ணன்மாருக்கும் சூரா இருந்துச்சு, நீல ஐசி வாங்கிட்டாங்க. நான் பொறந்த வருசமே அப்பா தவறிட்டாரு. எனக்காக ஆபீசுக்கு அலைய ஆளில்ல. இப்ப அண்ணன்மாரும் இல்ல, சொல்லுறதுக்கு.”

சூரா என்றால் பிறப்புப் பத்திரம், நீல ஐசி குடிமக்களுக்குத் தருவது. மகளைச் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். கடப்பிதழ் இல்லாததால் அக்கரைக்குப் போக முடியவில்லை. “பேத்திக்கு நாலு வயசாகுது. போன்லதான் பாட்டீங்குது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கல, அதுங்களும் வரல.” அந்தக் காலத்தில் எழுதிய ஏதாவது தாள் இருந்தால் குடியுரிமை விண்ணப்பத்தோடு சேர்க்கலாம் என்று உதவி செய்யும் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஞானஸ்நானப் பதிவேடு வெள்ளத்தில் போய்விட்டதாம். அப்போதுதான் அவருக்கு அப்பாவின் புத்தகம் நினைவு வந்தது. “எங்கம்மா சொல்லும், எல்லாப் பிள்ளை பேரும் பிரசங்கியார் படத்துக்குப் பின்னால அப்பா எழுதி வெச்சிருக்காருன்னு. நான்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆளாச்சே, திறந்தே பாக்கல. அந்தக் கந்தல் இருக்கா தம்பி?”

“தேடிப் பாக்கிறேன் அக்கா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்த ஞாயிறு பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “எங்கிட்ட சொன்னது சரி. அந்த அம்மாகிட்ட யாரு சொல்றது?” என்றார். அபராதமாகச் செபம் எதுவும் தரவில்லை. போய்ச் சொல் என்பதுதான் அபராதம்.

திங்கட்கிழமை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் குரல் இறங்கியது.

“பின்னால எழுதியிருந்தத படிச்சியா?”

“படிச்சேன் மாஸ்டர்.”

“படிச்சிட்டுத்தான் ஒட்டினியா?”

“ஆமா மாஸ்டர்.”

“புரட்டச் சொல்லாம வாங்குற பழக்கத்த உண்டாக்கினவன் நான். ஒட்டினவன் நீ. ரெண்டு பேரும் போவோம். அந்த அம்மாவையும் கூப்பிடு.”

அக்காவை அவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் வரவழைத்து, கடைப்படியிலேயே நிற்கவைத்து உண்மையைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா ஒட்டுனியா, அரைகுறையா ஒட்டுனியா?” என்று கேட்டார்.

“நல்லாத்தான் அக்கா.”

“நாசமாப் போச்சு. எப்பவாச்சும் ஒருநா அரைகுறையா வேல செஞ்சிருக்கலாம்ல?”

டாக்டர் வீடு புலாவ் டிக்குஸில். அவரும் வயதானவர், தம் சபை வட்டாரத்தில் பெரிய சேகரிப்பாளர். அடுத்த மாதம் அவர்கள் ஆலய விழாக் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கென்று அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்து வைத்திருந்தார். மாஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“மாஸ்டர், எனக்குத் தெரிஞ்சு படத்தோட இருக்குற பிரதி இது ஒண்ணுதான். அறுக்கச் சொல்றீங்களே!”

“அது முழுசா இல்ல டாக்டர். நாங்க முழுசாக்கினது. அதுக்கு இந்த அம்மாவோட தாள எடுத்துட்டோம்.”

டாக்டர் படத்தைத் திறந்து பார்த்தார். “இந்த ஊதாக் கறை... நான் திருவிருந்து ரசம்னுல்ல நெனச்சு எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தேன்.” பிறகு அக்காவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க வீட்டுத் தாள்தான் இதுன்னு எப்படி நிச்சயம்?”

நான் பையிலிருந்து கந்தலை எடுத்தேன். மாஸ்டர் உதிரி எதையும் எறிய விட்டதில்லை. பூச்சி ஒரு புத்தகத்தைத் துளைத்தால் நேராகத் தாள் தாளாகப் போகும். அடுத்தடுத்த தாள்களில் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் துளை இருக்கும். டாக்டரின் பிரதியில் வேறு எந்தத் தாளிலும் துளையில்லை. படத்தாளில் மட்டும் இரண்டு. ஒன்று கடுகு மாதிரி, இன்னொன்று வளைந்த நெல் மாதிரி. கந்தலின் தலைப்புத் தாளைத் தூக்கி அந்தப் படத்தின்மேல் வைத்தேன். டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து குனிந்தார். கடுகின்மேல் கடுகு. நெல்லின்மேல் நெல்.

அவர் நிமிர ரொம்ப நேரமானது. “எடுத்துக்குங்க. நானே பிடிச்சுக்கிறேன், நீங்க அறுங்க” என்றார்.

கடைக்குக் கொண்டுவந்தோம். டாக்டரும் கூடவே வந்துவிட்டார். இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுபோல் ஒன்று உங்களுக்கும் வரலாம். ஒட்டிய தாளைப் பிரிக்க ஈர ஒற்றுத்தாள் வைப்பதுதான் வழக்கம். காப்பியிங் பென்சிலுக்கு அது ஆகாது. ஒரு சொட்டு ஈரம் பட்டால் எல்லாம் ஊதாக் குட்டையாகிவிடும். அதனால் உலர்வாகவே பிரிக்கவேண்டும். மேசை விளக்கை ஒரு சாண் உயரத்தில் வைத்துப் பசையை மேலும் காய விட்டேன். பிறகு படத்தாளைக் கண்ணாடிப் பலகையில் முகம் கீழாகக் கிடத்தி, மொட்டைக் கத்தியால் ஒரு மூலையைக் கிளப்பி, ஒட்டிய வெள்ளைத் தாளை மட்டும் பின்னோக்கி வளைத்தேன். படத்தாளை வளைக்கக்கூடாது. பழைய மைதாப் பசை வளைந்தால் நொறுங்கும். நொறுங்கும் சத்தம் கேட்கும், அரிசிப் பொரி கடிப்பது போல. ஒரு விரலளவு, நிறுத்தம். இன்னொரு விரலளவு. டாக்டர் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

முதல் வரி வந்தது. மூத்தவர் பேர், தேதி, வருடம், ஞானஸ்நானம் கொடுத்த உபதேசியாரின் கையெழுத்து. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. நான்காவது இருந்த இடத்தில் வெறும் ஊதா மேகம். கீழ் ஓரத்தில்தான் நான் பசையைத் தாராளமாகத் தடவியிருந்தேன்.

அக்கா குனிந்து பார்த்தார்.

“அண்ணன்மாரு மூணு பேருக்கும் இருக்கு. எனக்கு மட்டும் இல்ல. ஆபீசுல எப்படியோ இங்கேயும் அப்படித்தான்” என்றார். அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. கையில் பிரித்த வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு நின்றிருப்பேன். மாஸ்டர்தான் கேட்டார்: “அந்தோணி, இங்கேருந்து போன மை எங்க போச்சு?”

தாளைத் திருப்பினேன். அடியில் ஒரு வரி, அழுத்தமான ஊதாவில், தலைகீழ் இல்லை, இடம் வலமாக மாறிக் கிடந்தது. பசையில் ஊறிய மை முழுக்க ஒட்டிய தாளில் பதிந்திருந்தது.

“கண்ணாடி வேணும், கண்ணாடி!” என்றார் டாக்டர். கடையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஏது? அக்கா கைப்பையைத் துழாவி, பவுடர் டப்பாவைத் திறந்து நீட்டினார். மூடியில் உள்ளங்கை அளவு கண்ணாடி. பவுடர் படிந்திருந்ததை மாஸ்டர் தம் வெள்ளைச் சட்டைக் கையாலேயே துடைத்தார். நான்கு தலையும் முட்டிக்கொண்டு அதற்குள் பார்த்தோம். தேதி இருந்தது, வருடம் இருந்தது, தோட்டத்தின் பேரும் உபதேசியாரின் கையெழுத்தும் இருந்தன. மாஸ்டர் முன்பு பள்ளிக்கூடத்தில் வாசித்தது போல உரக்க வாசித்தார்:

“நாலாவது, எஸ்தர். மூன்று ஆணுக்குப் பின் கேட்டுப் பெற்ற பெண். ஸ்தோத்திரம்.”

“யாரு கேட்டது?” என்றார் அக்கா.

“உங்கப்பாதாம்மா எழுதியிருக்காரு.”

“கேட்டாராமா? எங்கப்பாவா?” தகப்பன் முகமே அறியாத அந்த அம்மாள் அப்போதுதான் அழுதார். டாக்டர் தம் கைக்குட்டையைக் கொடுத்தார்.

இரண்டு தாள்களையும் கந்தலையும் அக்காவும் அந்த உதவி செய்பவரும் விண்ணப்பத்தோடு கொண்டுபோய்க் காட்டினார்கள். எப்படிப் பிரிந்தது என்று மாஸ்டரும் டாக்டரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இந்தத் தாளால்தான் காரியம் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தோட்டத்துப் பழைய ஆட்கள் இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள், அக்கா பல மாதம் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஆனால் நீல அட்டை வந்தது. டாக்டர் கண்காட்சியில் புத்தகத்தைப் படம் இல்லாமலே வைத்தாராம். கேட்டவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டம் சேர்த்தார் என்று கேள்வி.

அக்கா சிங்கப்பூர் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார். அதற்குள் நான் கந்தலைத் தைத்து, படத்தாளை அதன் பழைய இடத்தில் வைத்து, ஓரத்தில் மட்டும் துணிப்பட்டையால் பிடித்து, இருபக்கமும் திரும்புகிற மாதிரி கட்டி வைத்திருந்தேன். ஊதா பதிந்த வெள்ளைத் தாளும் அடுத்து இருந்தது. அக்கா இருக்கையில் உட்கார்ந்து, தாமே தாள் தாளாகப் புரட்டினார். படத்தின் பின்பக்கம் வந்ததும் நிறுத்தி, பேனா கேட்டார்.

“எனக்குப் பெரிய எழுத்துதான் வரும் தம்பி. இடம் காணுமா?”

“காணும் அக்கா.”

ஊதா மேகத்துக்குக் கீழே, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பேத்தியின் பேரை எழுதினார். பிறந்த தேதியை எழுதினார். கொஞ்சம் யோசித்து, ‘போய்ப் பார்த்தேன். ஸ்தோத்திரம்’ என்று சேர்த்தார். மூடப் போனவரின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

“பால்பாயின்ட்தான்டா, உடனே காஞ்சிரும்” என்றார்.

“இருக்கட்டும் அக்கா” என்றேன். அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை புத்தகம் விரிந்தபடியே மேசைமேல் இருந்தது.